பாக்கம், பேட்டை, நகர்: தாம்பரம் வட்டாரத்தின் தொழிலும் குடியிருப்பும்



பத்தாண்டு நிறைவு என்பது ஓர் அமைப்பு தான் நிற்கும் மண்ணைக் குனிந்து பார்ப்பதற்கு ஏற்ற தருணம். சென்னையின் தென்புறநகரில் வாழும் கவிஞர்கள் தாங்கள் பிறந்த ஊரைப் பாடுவதில் குறை வைத்தவர்கள் அல்லர். காவிரியும் தாமிரவருணியும் வைகையும் அவர்தம் தொகுப்புகளில் ஓடுகின்றன. ஆனால் குடிபுகுந்த ஊர் பெரும்பாலும் நூலின் பின்னட்டையில் முகவரியாக மட்டுமே நின்றுவிடுகிறது. பாடுவதற்கு அங்கு என்ன இருக்கிறது என்னும் வினா பலர் உள்ளத்தில் உண்டு. அவ்வினாவிற்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

விடையைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. இரயில் நிலையப் பலகைகளிலும் பேருந்துகளின் நெற்றியிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களின் ஈறுகளாகத் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் மூன்று: பாக்கம், பேட்டை, நகர். செம்பாக்கம், குரோம்பேட்டை, மறைமலை நகர். இம்மூன்று ஈறுகளையும் வரிசைப்படுத்தினால், ஏரிப் பாசன ஊர் தொழிற்பகுதியாகிப் பின் குடியிருப்புப் பகுதியாக மாறிய வரலாறு முழுவதும் கிடைக்கிறது.

முதலாவது பாக்கம். நிகண்டுகள் இச்சொல்லை நெய்தல் நிலத்து ஊரைக் குறிப்பதாகக் கூறும். தொண்டை மண்டலத்திலோ கடலை விட்டு விலகிய ஏரிக்கரை ஊர்களும் இப்பெயரைப் பெற்றன. செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், கோவிலம்பாக்கம் ஆகியன அவ்வகையின. ஒவ்வொரு பாக்கத்திற்கும் ஓர் ஏரி. ஏரிக்கு ஒரு மதகு. மிகுநீர் வெளியேற ஒரு கலங்கல். ஓர் ஏரி நிரம்பினால் அதன் மிகுநீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். சிட்லபாக்கத்தில் நிரம்பிய நீர் செம்பாக்கம் சென்று, நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பை அடைந்தது. மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளின் நீர் அடையாற்றில் கலந்தது. ஆற்றுப் பெருக்கு இல்லாத நிலத்தில் மழையைப் பங்கிட்டு வாழக் கற்றவர்களின் ஏற்பாடு இது. பாக்கம் என்னும் சொல்லுக்குள் ஏரி அடங்கியிருக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்தவற்றைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும்.

இவ்வூர்களை நகரத்தோடு பிணைத்தது இருப்புப்பாதை. 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது. அக்காலத்தில் தாம்பரத்தின் பெருமை அதன் காற்று. காசநோயாளிகளுக்காக 1928-இல் டாக்டர் சௌரி முத்து இங்கு ஒரு நலவாழ்வு மனையை நிறுவினார். அதன் நினைவாகவே 'சானடோரியம்' என்னும் இரயில் நிலையப் பெயர் இன்றும் வழங்குகிறது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நகரின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. ஆகவே இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தாம்பரம் என்பது மூச்சு வாங்கவும் படிக்கவும் மக்கள் தேடி வந்த ஊர். பிழைப்புத் தேடி வந்தவர்களின் காலம் போருக்குப் பின்னரே முழுமையாகத் தொடங்கியது.

அக்காலத்தின் சொல் பேட்டை. பேட்டை என்பது பெருநகரை ஒட்டிய சந்தையையும், தொழில் சார்ந்த குடியிருப்பையும் குறிக்கும். தமிழகத்து ஊர்ப்பெயர்களுள் குரோம்பேட்டை தனித்தன்மை உடையது. ஒரு தனிமத்தின் பெயரோடு பேட்டை சேர்ந்து பிறந்த ஊர் அது. குரோமிய உப்புகளைக் கொண்டு தோலைப் பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் சோதித்துப் பார்த்தார். அதன் தொடர்ச்சியாக 1912-இல் பல்லாவரத்தை அடுத்து சேம்பர்ஸ் என்பவர் குரோம் தோல் தொழிற்சாலையை நிறுவினார். ஆலையின் பெயரே ஊரின் பெயராயிற்று.

விடுதலைக்குப் பின் பேட்டைகள் பெருகின. 1948-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தோன்றியது. அதன் ஆலை பெருங்களத்தூரை அடுத்து எழுந்தது. 1949-இல் சி. இராசம் தம் இல்லத்தை விற்ற பொருளைக் கொண்டு குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அங்கு பயின்றவர்கள். பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் ஆலையும் பாண்ட்ஸ் ஆலையும் வந்தன. 1958-இல் கிண்டியில் தொழிற்பேட்டை அமைந்தது. 'தொழிற்பேட்டை' என்னும் கூட்டுச்சொல் மக்கள் நாவில் நிலைபெற்றதில் கிண்டிக்குப் பங்குண்டு.

இத்தகைய வாழ்வு இலக்கியத்திற்குப் புறம்பானது என்று கருதுவோர் சிலப்பதிகாரத்தை நினைவுகூர வேண்டும். புகார் நகரத்தை இளங்கோவடிகள் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகக் காட்டுகிறார். மருவூர்ப்பாக்கத்தைக் கூறும்போது வெண்கலக் கன்னார், செம்பு வேலை செய்வோர், தச்சர், கொல்லர், தையற்காரர் எனத் தொழிலாளரை வரிசையாகப் பெயர் சுட்டுகிறார். தோல் தைப்பவர்களையும் விட்டுவிடவில்லை. கோவலனும் கண்ணகியும் வாழ்ந்த நகரம் யாருடைய உழைப்பில் நின்றது என்பதைச் சொல்லாமல் கதையை நடத்த அவர் உள்ளம் ஒப்பவில்லை. அந்த வரிசையோடு ஒப்பிட்டால், குரோம்பேட்டைத் தோல் தொழிலாளியும் பெருங்களத்தூர் மோட்டார்த் தொழிலாளியும் இன்றைய கவிதையில் பெற்றிருக்கும் இடம் மிகச் சிறிது.

ஸ்டாண்டர்டு ஆலையின் கதையைச் சற்று விரிவாகக் கூறுதல் பொருந்தும். அதன் தாய் நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருந்தது. 1940 நவம்பரில் செர்மானிய விமானங்களால் எரிக்கப்பட்டு, போருக்குப் பின் மீண்டும் கட்டப்பட்ட தொழில் நகரம் அது. அங்கு வடிவமைக்கப்பட்ட வேன்கார்டு வண்டி பெருங்களத்தூரில் உருவாயிற்று. 1961-இல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் 1963-ஆம் ஆண்டோடு 'ஸ்டாண்டர்டு' என்னும் பெயரில் வண்டிகள் விற்பது நின்றுவிட்டது. பெயர் பிறந்த இடத்தில் மறைந்த பிறகும் தமிழகத்தில் அது கால் நூற்றாண்டு வாழ்ந்தது. 1985-இல் வெளிவந்த 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் வண்டிக்குப் புறவடிவம் புதிது. எஞ்சினோ நாற்பதுகளின் வேன்கார்டு வழிவந்தது. எரிபொருளை மிகுதியாகக் குடித்த அவ்வண்டி, 1983-இல் சந்தைக்கு வந்துவிட்ட மாருதியின் முன் நிற்க இயலவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, 1980-இல், கவென்ட்ரியின் கேன்லி ஆலையிலும் வண்டி கட்டுவது நின்றுபோயிருந்தது. கடல் கடந்த இரண்டு ஊர்களிலும் சங்கு ஊதி ஆளை அழைத்த ஆலைகள் அடங்கின. பெருங்களத்தூர் ஆலை நிலத்தில் பின்னர்க் கணிப்பொறி அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. களம் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் முதலில் நெல்லையும், பின்பு மோட்டாரையும், இப்போது குடியிருப்பையும் விளைவிக்கிறது.

வேறு சில தொழில்களின் முடிவுகள் இவ்வளவு வெளிப்படையாக நிகழவில்லை. அனகாபுத்தூர் நெசவாளர் நெய்த 'மதராஸ் கைக்குட்டை' என்னும் கட்டத்துணி மேற்கு ஆப்பிரிக்காவில் மணவிழாத் துணியாக மதிக்கப்பெற்றது. நைஜீரியா எழுபதுகளில் துணி இறக்குமதியைத் தடுத்ததும் அனகாபுத்தூர்த் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒரு நாட்டின் சுங்க ஆணை மற்றொரு நாட்டின் தெருவில் தறியோசையை நிறுத்திற்று. தோல் ஆலைகளோ நிலத்தடி நீரில் தம் அடையாளத்தை விட்டுச் சென்றன. பல்லாவரம், நாகல்கேணிப் பகுதிகளின் கிணற்று நீர் கெட்டது. தொண்ணூறுகளில்தான் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் செயலுக்கு வந்தது. 1996-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பேட்டை சோறு போட்டது, கிணற்றையும் கெடுத்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எழுதுவது அரை உண்மையாகவே முடியும்.

மூன்றாவது சொல் நகர். இச்சொல்லின் பொருள் வரலாறு வியப்புக்குரியது. சங்க இலக்கியத்தில் நகர் என்பது பெரும்பாலும் மாளிகையை, இல்லத்தை, கோயிலைக் குறித்தது. பேரூர் என்னும் பொருளே பிற்காலத்தில் ஓங்கிற்று. தென்புறநகரில் இச்சொல் தன் பழம்பொருளுக்கே திரும்பிவிட்டது எனலாம். இங்கு நகர் என்று பெயர் பெற்றவை பேரூர்கள் அல்ல, வீடுகளின் தொகுதிகள். வீடுகள் வந்தன; ஊருக்கு உரிய ஏனையவை வந்து சேரவில்லை.

அது நிகழ்ந்த விதம் இது. 1961-இல் தமிழக வீட்டுவசதி வாரியம் தோன்றியது. அதன் பெருங்குடியிருப்புகள் அசோக் நகர், கலைஞர் கருணாநிதி நகர், அண்ணா நகர், பெசன்ட் நகர் எனச் சென்னையை ஒட்டியே எழுந்தன. அங்கு இடம் பெற இயலாதவர்கள் இரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வந்தனர். எழுத்தர், ஆசிரியர், இரயில்வே ஊழியர், ஆலைத் தொழிலாளர், ஓய்வு பெற்ற படைவீரர் என அவர்கள் பலதிறத்தினர். ஏரிப் பாசனம் குன்றிய வயல்களை நிலத்தரகர் மனைகளாகக் கூறுபோட்டனர். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் பாதியை வாங்குவதற்கே மனைவியின் வளையலும் வருங்கால வைப்பு நிதிக் கடனும் தேவைப்பட்டன. மனை வாங்கிய சில ஆண்டுகளுக்குப் பின் கிணறு, கிணற்றில் நல்ல தண்ணீர் கண்ட பிறகு அடித்தளம், அடுத்த கடனில் சுவர், கடைசியில் தளம். பூச்சு வேலை முடியாமலே புதுமனை புகுவிழா நடந்த வீடுகள் பல. சாலை இல்லை, விளக்கு இல்லை. மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இரயில் நிலையம் வரை சேற்றில் நடந்து, அங்கு கால் கழுவிக்கொண்டு அலுவலகம் சென்ற தலைமுறை அது. வாடகை வீட்டில் தண்ணீருக்கும் விளக்குக்கும் உரிமையாளர் முகம் பார்த்து வாழ்ந்தவர்கள் சொந்தச் சுவரில் ஆணி அடிக்கும் உரிமைக்காக இவ்வளவையும் தாங்கினர். அந்த வேட்கையை எள்ளி நகையாடுவது எளிது, அது அறமாகாது.

அதே காலத்தில் இங்கிலாந்து வேறொரு முறையைக் கைக்கொண்டது. குண்டுவீச்சில் வீடிழந்தோர்க்கும் இலண்டன் நெரிசலில் வாடியோர்க்கும் இடம் தர 1946-இல் புதுநகர்ச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே ஸ்டீவனேஜ் முதற் புதுநகராக அறிவிக்கப்பட்டது. அரசு அமைத்த குழுமம் நிலத்தை வாங்கி, சாலையும் வடிகாலும் பள்ளியும் தொழிற்பகுதியும் வரைந்து, அதன்பின் வீடுகளைக் கட்டியது. அங்கும் குறைகள் இருந்தன. பழைய ஊர் மக்கள் கடுமையாக எதிர்த்தனர். எனினும் ஊர் முதலில், வீடு பிறகு என்பது அங்கு ஒழுங்கு. தாம்பரம் வட்டாரத்தில் வீடு முதலில், ஊர் பிறகு. அந்தப் 'பிறகு' பல இடங்களில் இன்னும் வந்து சேரவில்லை.

முறையாகத் திட்டமிட்ட நகரம் ஒன்று இப்பக்கத்திலும் உண்டு. அது மறைமலை நகர். 1911-இல் சென்னையை விட்டுப் பல்லாவரம் வந்து குடியேறி, பொதுநிலைக் கழகம் கண்டு, 1950-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த மறைமலையடிகளின் பெயரை அது தாங்குகிறது. தென்புறநகரில் குடியேறிய தமிழறிஞர்களுள் அவரை முன்னோடி எனலாம். துணைநகரமாக எழுந்த அவ்வூருக்குத் தொண்ணூறுகளில் ஃபோர்டு ஆலை வந்தது. 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் இந்தியாவில் வண்டி உற்பத்தியை நிறுத்தும் முடிவை அறிவித்தது. அடுத்த ஆண்டில் கடைசி வண்டியும் வெளியேறியது. ஆலையை மீண்டும் இயக்கும் திட்டம் பின்னர் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வீட்டுக் கடனைத் தலையில் சுமந்த தொழிலாளிக்கு அறிவிப்புகள் தவணை கட்டவில்லை. திட்டமிட்ட நகரமும் திட்டமிடாத நகரும் இந்த ஓரிடத்தில் ஒன்றாகின்றன. வேலை போகும்; வீடு நிற்கும்; கடனும் நிற்கும்.

ஊர் நிர்வாகம் வீடுகளின் பின்னால் ஓடி வந்தது. தாம்பரம், கடப்பேரி, புலிக்கொரடு, இரும்புலியூர், சேலையூர் ஆகிய ஊர்களை இணைத்து 1964-இல் தாம்பரம் நகராட்சி அமைந்தது. அதன் மக்கள்தொகை 2001-இல் 1,37,933, 2011-இல் 1,74,787. அந்நகராட்சியோடு பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. பாக்கங்களும் பேட்டைகளும் நகர்களும் ஒரே பெயரின்கீழ் வந்துவிட்டன. ஆனால் அவற்றின் அடியில் ஓடிய நீர்வழியை எந்த அரசாணையும் மாற்ற இயலவில்லை.

அதனை 2015 டிசம்பர் உணர்த்தியது. அம்மாதத் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்த நீர் தன் பழைய கால்வாய்களைத் தேடிற்று. அங்கு தெருக்கள் இருந்தன. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் நீர் முதல் தளத்தை எட்டியது. மக்கள் மொட்டை மாடிகளில் இரவைக் கழித்தனர். பாக்கம் என்னும் சொல்லுக்குள் அடங்கியிருந்த ஏரி நகரின் வாசலுக்கு வந்து தன் பெயரைச் சொல்லிற்று.

குற்றவாளி யார் என்று கேட்டால் விடை எளிதாக அமைவதில்லை. ஏரியின் வரத்துக்காலை மனையாக்கி விற்றவர் உண்டு. அங்கீகாரம் அற்ற மனைப்பிரிவைப் பதிவு செய்தவர் உண்டு. பார்த்தும் பாராதிருந்தவர் உண்டு. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவிற்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது 2016-இல்தான். அதற்குள் இரண்டு தலைமுறை வீடு கட்டி முடித்திருந்தது. ஆனால் வெள்ளத்தில் நனைந்த பத்திரத்தை வெயிலில் காயவைத்தவர் பெரும்பாலும் இவர்களுள் எவரும் அல்லர். வாடகைக்கு அஞ்சி, வளையலை விற்று, கிணற்று நீரை நாவில் வைத்துச் சுவைத்துப் பார்த்து மனை வாங்கியவரே அவர். தம்மை அறியாமல் நீரின் இடத்தில் நின்றவரும் அவரே. நீரால் இழந்தவரும் அவரே. ஒருவரிடத்திலேயே குற்றமும் இழப்பும் கூடியிருக்கும் இந்நிலை செய்தித்தாளின் பத்தியில் அடங்குவதில்லை. அதனைத் தாங்கும் வடிவம் கவிதை.

பாட வேண்டியவர் இன்னும் உளர். 1984-இல் சானடோரியத்தை அடுத்துத் தொடங்கிய ஏற்றுமதி மண்டலத்தில் ஆடை தைக்கவும் மின்னணுப் பொருள்களைப் பூட்டவும் பெண்கள் பெருந்திரளாக வந்தனர். காலைத் தொடர்வண்டியில் மகளிர் பெட்டியின் வாயிலில் தொங்கியபடி பூ வைத்துக்கொண்டு, மாலையில் அதே பூ வாடித் திரும்பிய அவர்களுள் பலர், குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கிய பெண்கள். தம்பியின் படிப்பும் தங்கையின் திருமணமும் அந்தச் சம்பளத்தில் நடந்தன. பின்னர் அதே வளாகத்தில் கணிப்பொறி நிறுவனங்கள் ஓங்கின. தையல் எந்திரத்தின் முன் இருபது ஆண்டுகள் அமர்ந்த ஒருத்தியின் முதுகுவலி எந்த வரலாற்றிலும் இடம்பெறவில்லை. எழுபதுகளில் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல் சென்னைத் தெருவொன்றின் தண்ணீர்ப் பஞ்சத்தை இலக்கியமாக்கிற்று. தென்புறநகர்க் கவிதை அத்தகைய துணிவை இனிமேல்தான் காட்ட வேண்டும்.

மறதியைத் தவிர வேறு வழியும் உண்டு என்பதற்குச் சான்று சிட்லபாக்கம். குப்பை மேடாகிக்கொண்டிருந்த தங்கள் ஏரியை மீட்க அவ்வூர்க் குடியிருப்போர் பல ஆண்டுகள் போராடினர். 2019-இல் அரசு அதன் சீரமைப்பிற்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. அங்கு போராடியவர்கள் உழவர்கள் அல்லர். அந்த ஏரி நீரில் அவர்களுக்கு வயல் இல்லை. நகர்களில் குடியேறியவர்களே பாக்கத்தின் ஏரிக்காக நின்றார்கள். குடிபுகுந்த ஊரும் சொந்த ஊர் ஆகும் என்பதை அவர்கள் செயலால் எழுதினார்கள்.

இலக்கிய வட்டம் தன் அடுத்த பத்தாண்டிற்கு மேற்கொள்ளத்தக்க பணி ஒன்று இதனால் புலனாகிறது. ஒவ்வோர் உறுப்பினரும் தாம் வாழும் நகரின் முன்னைப் பெயரையும், அது எந்த ஏரியின் எந்தக் கால்வாய்க்கு அருகில் உள்ளது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தெருவில் ஓய்வு பெற்றுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் எந்த ஆலையில் என்ன வேலை செய்தார் என்பதைக் கேட்டறிதல் வேண்டும். ஆலைகளின் உட்சொற்களும், தோல் பதனிடுவோரின் கலைச்சொற்களும், தறியின் உறுப்புப் பெயர்களும் அவர்களோடு மறையும் முன் குறித்து வைத்தல் வேண்டும். கவிதை அதன்பின் தானே வரும். வராவிடினும் அச்சொற்கள் மிஞ்சும்.

மருவூர்ப்பாக்கத்தைக் கடல் கொண்டது என்பது மரபு. அங்கு வாழ்ந்த கன்னாரும் தச்சரும் தோல் தைப்போரும் பாட்டில் இருப்பதால் இன்றும் அறியப்படுகின்றனர். செம்பாக்கத்திற்கும் குரோம்பேட்டைக்கும் அவ்வாறு ஒரு பாட்டு வேண்டும்.